32 நிறம், 29 தரம்

நேயர்களுக்கு வணக்கம். வானொலியில் படம் போட முடியாது. கையில் ஒரு பேனாவும் தாளும் இருந்தால் நல்லது.

தேர்வு அட்டவணை போடுகிறவர்களுக்குத் தெரியும்: ஒரே மாணவர் எழுதவேண்டிய இரண்டு தாள்களை ஒரே வேளையில் வைக்க முடியாது. தாளுக்கு ஒரு புள்ளி, மோதும் தாள்களுக்கு நடுவே ஒரு கோடு. இதுதான் கோட்டுரு. கோட்டால் இணைந்த புள்ளிகள் வேறு வேறு நிறத்தில் இருக்கவேண்டும், நிறம்தான் வேளை. குறைந்தது எத்தனை நிறம் வேண்டும்? புள்ளிகள் பெருகினால் இதைக் கண்டுபிடிப்பது படுசிரமம்.

அதே கோட்டுருவை அணியாகவும், அதாவது எண்களின் கட்டமாகவும், எழுதலாம். புள்ளிக்கு ஒரு நிரை, ஒரு நிரல். கோடு இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. சதுரத்தை எழுதிப் பாருங்கள்: முதல் நிரை 0101, அடுத்து 1010, மறுபடி 0101, மறுபடி 1010. நிரை நான்கு, சரக்கு இரண்டுதான். எல்லா நிரைகளையும் எண்ணால் பெருக்கியும் கூட்டியும் வரவழைக்கக் குறைந்தது எத்தனை நிரை வேண்டுமோ, அதுதான் அணியின் தரம். இங்கே தரம் 2; நிறமும் 2 போதும். முக்கோணத்தில் இரண்டுமே 3.

தரம் கண்டுபிடிக்கப் பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கே போதும். கோடே இல்லாத கோட்டுருவைத் தவிர, நிறம் தரத்தைத் தாண்டாது என்று 1976இல் கணிதவியலாளர் வான் நஃபலன் ஊகித்தார். 13 ஆண்டு அந்த ஊகம் நின்றது. 1989இல் நோகா ஆலனும் பால் சீமோரும் அதைச் சாய்த்தார்கள்.

எப்படி? ஒரு பலகையில் ஏழு சுவிட்சுகள். மொத்தம் 128 நிலைகள். ஒரு நிலையையும், ஏழு சுவிட்சையும் மாற்றிப் போட்டால் வரும் நிலையையும் ஒன்றாகக் கொண்டால் 64 புள்ளிகள். ஒரே ஒரு சுவிட்சைத் தட்டி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக முடிந்தால் நடுவே கோடு இல்லை. மற்ற எல்லா ஜோடிக்கும் கோடு உண்டு.

இப்போது மூன்று புள்ளிகள் ஒரே நிறத்தில் இருக்க முடியுமா? ஒரே நிறமென்றால் நடுவே கோடு கூடாது, அதாவது ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு சுவிட்ச் வித்தியாசம்தான் இருக்கவேண்டும். ஒரு சுவிட்சைத் தட்டி இரண்டாவதுக்கும், வேறொன்றைத் தட்டி மூன்றாவதுக்கும் போகிறீர்கள். முதலாவதுக்கும் மூன்றாவதுக்கும் இரண்டு சுவிட்ச் வித்தியாசம். தலைகீழ் நிலையோடு ஒப்பிட்டால் ஐந்து. ஒன்று வரவே வராது. ஆக ஒரு நிறத்துக்கு இரண்டு புள்ளிதான், 64க்கு 32 நிறம். (எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும்.)

தரம்? இப்படிப்பட்ட அணிக்கு எத்தனை நிரையோ அத்தனை ஐகன் மதிப்புகள் என்ற சிறப்பு எண்கள் உண்டு; அவற்றில் பூச்சியம் அல்லாதவை எத்தனையோ, அதுதான் தரம். இந்த அணியின் 64 ஐகன் மதிப்புகளில் 35 பூச்சியம். மிச்சம் 29.

வித்தியாசம் வெறும் மூன்று. ஆனாலும் ஊகம் போயிற்று. அப்புறம் வந்தவர்கள் இதைவிடப் பெரிய இடைவெளிகளைக் கட்டினார்கள். தகவலைப் பாதிப்பாதியாக வைத்திருக்கும் இருவர் எவ்வளவு பேசினால் விடை கிடைக்கும் என்ற கணினியியல் கேள்வியோடும் இது பின்னிக்கிடக்கிறது. அந்தப் பேச்சின் அளவைத் தரத்தை வைத்து மட்டிட முடியுமா என்பது 1988இல் லோவாசும் சாக்சும் எழுப்பிய கேள்வி. நிறத்துக்கும் தரத்துக்கும் உள்ள இடைவெளி எதுவரை போகும் என்பது இன்றைக்கும் தீராத கணக்கு.