ஒரே மீனவ ஊரில் எவ்வளவு நாள் நங்கூரம் போட்டிருக்கலாம்?

நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "கரீபியனில் பாய்மரப் படகிலேயே வாழ்கிறீர்கள், சரி. ஆனால் சார்லட்வில் காணொளிகளைப் பார்த்தால் படகு நகர்ந்த மாதிரியே தெரியவில்லையே! ஊர் பிடித்துவிட்டால் இஷ்டத்துக்கு அங்கேயே கிடக்கலாமா? யாரும் எதுவும் கேட்க மாட்டார்களா?"

கேட்பார்கள். ஆனால் நீங்கள் நினைக்கிற ஆள் கேட்பதில்லை.

ஊரைப் பற்றி முதலில் கொஞ்சம். பிரையன் லாரா பிறந்த நாடு டிரினிடாட் அண்ட் டொபேகோ. அதில் டொபேகோ சின்னத் தீவு. அதன் வடகிழக்குக் கோடியில்தான் சார்லட்வில் இருக்கிறது. மேன் ஆஃப் வார் பே என்று ஒரு பெரிய விரிகுடா, சுற்றிலும் காட்டு மலை, மலையடிவாரத்தில் வீடுகள், கரையோரம் மீனவர் படகுகள். அவ்வளவுதான் ஊர்.

அலுவலகக் கதையைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். வெளிநாட்டிலிருந்து வரும் படகு மஞ்சள் கொடி ஏற்றிக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும். சுங்கம், குடியேற்றம் இரண்டுக்கும் இந்த ஊரிலேயே அலுவலகம் உண்டு. நாலைந்து படிவம் எழுதி முத்திரை வாங்கிய பிறகு கொடியை இறக்கலாம். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு 90 நாள் வரை விசா வேண்டாம். அலுவலக நேரம் தவறி வந்தால் கூடுதல் கட்டணம் கட்ட வேண்டியிருக்கும், ஆகவே ஞாயிற்றுக்கிழமை வந்து சேராதீர்கள். இந்தப் பக்கம் இதோடு முடிந்தது.

உண்மையில் உங்களைக் கேள்வி கேட்கப்போவது கரையில் வலையோடு நிற்கிறவர்தான். இது காணொளிகளில் சரியாகத் தெரியாது, ஏனென்றால் நாங்கள் எல்லோரும் நீலத் தண்ணீரையும் பெலிக்கனையும்தான் படம் பிடிக்கிறோம். அந்தப் பெலிக்கன் ஏன் அங்கே வந்து விழுகிறது? கரையை ஒட்டிச் சின்ன மீன் கூட்டம் வந்திருக்கிறது. அதைக் கரைவலை போட்டு இழுப்பார்கள். ஒரு படகு வலையைப் போட்டுக்கொண்டே அரைவட்டமாகச் சுற்றி வரும். பிறகு இரண்டு பக்கக் கயிறையும் கரையில் நின்று ஆட்கள் இழுப்பார்கள். அந்த அரைவட்டத்துக்குள் உங்கள் படகு நின்றால் என்ன ஆகும்? உங்கள் நங்கூரச் சங்கிலி மணலில் கிடக்கிறது, வலையின் அடிக்கயிறு அதே மணலைத் தடவிக்கொண்டு வருகிறது. மாட்டினால் வலை கிழியும், மீன் போய்விடும், அன்றைய கூலி போச்சு. அறுவடை நேரத்தில் களத்துமேட்டில் கட்டிலைப் போட்டுப் படுத்துக்கொண்டு "அழகான ஊர்" என்று சொல்கிற மாதிரிதான் அது.

அதனால் நான் சொல்வது ஒன்றுதான். நங்கூரம் போடும் முன் கரையில் இருப்பவரிடம் எங்கே வலை இழுப்பீர்கள் என்று கேளுங்கள். அதற்கும் முன்னால் "குட் மார்னிங்" சொல்லுங்கள். சும்மா மரியாதைக்குச் சொல்லவில்லை, இங்கே வணக்கம் சொல்லாமல் நேராக விஷயத்துக்குப் போனால் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். இடத்தை மாற்றச் சொன்னால் உடனே மாற்றுங்கள், தூக்கத்தில் எழுப்பிச் சொன்னாலும் சரி. வலை இழுக்கும்போது நீங்களும் போய்க் கயிறு பிடிக்கலாம். கை கொடுத்தவர்களுக்குக் கொஞ்சம் மீன் தருவது வழக்கம். பெரும்பாலும் பாரை இனத்துச் சின்ன மீன்கள்தான் வரும். குழம்பு வைத்தால் பிரமாதம்.

பெரிய மீனுக்கு வேறு ஆட்கள். நீளமான ஃபைபர் படகு, பின்னால் அவுட்போர்டு இன்ஜின், இரண்டு பக்கமும் பூச்சியின் மீசை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் மூங்கில் கழிகள். தூண்டில் கயிறுகள் ஒன்றோடொன்று சிக்காமல் இருக்கத்தான் அந்தக் கழி. நம் வஞ்சிரத்துக்கு உறவுக்காரனான கிங்ஃபிஷ், சூரை, மாஹி-மாஹி எல்லாம் அதில் வரும். கரையிலேயே எடை போட்டு வெட்டித் தருவார்கள். சாப்பாட்டைப் பற்றிக் கேட்டவர்களுக்கு: டொபேகோவில் நண்டுக் குழம்பும் மாவு உருண்டையும் பேர் போனது. குழம்பில் நம் கறித்தூள் வாசனை அடிக்கும். 1845 முதல் 1917 வரை கரும்புத் தோட்ட வேலைக்காக டிரினிடாட்டுக்குக் கப்பலேறிய இந்தியர்களோடு வந்த வாசனை அது. சென்னைத் துறைமுகத்திலிருந்து போனவர்களும் அதில் உண்டு.

சரி, நங்கூரத்துக்கு வருகிறேன். இந்த விரிகுடா ஆழமானது. கரைக்கு ஓரளவு கிட்டே வந்தாலும் 12 மீட்டர், 15 மீட்டர் காட்டும். ஆழத்தைப்போல ஐந்து மடங்கு சங்கிலி விட வேண்டும் என்பது எல்லோரும் சொல்கிற கணக்கு. தண்ணீருக்கு மேலே படகின் மூக்கு நிற்கும் உயரத்தையும் அதில் சேர்க்க வேண்டும், பலர் அதை விட்டுவிடுகிறார்கள். 12 மீட்டர் ஆழம், ஒன்றரை மீட்டர் மூக்கு என்றால் 67.5 மீட்டர் சங்கிலி ஆகிறது. அவ்வளவு சங்கிலி எல்லாப் படகிலும் இருக்காது. காற்று அமைதியாக இருந்தால் நாலு மடங்கில் சமாளிக்கலாம். எதுவானாலும் நீச்சல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குதித்து, நங்கூரம் மணலில் முழுசாகப் புதைந்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிடுங்கள். நுனி மட்டும் குத்திக்கொண்டு சாய்ந்து கிடந்தால் மறுபடி போட வேண்டியதுதான். பவளப்பாறை மேல் விழுந்திருந்தாலும் அப்படியே.

அடுத்து அலை. நவம்பரிலிருந்து மார்ச் வரை வட அட்லாண்டிக்கில் எங்கோ புயல் அடித்தால், சில நாள் கழித்து அதன் அலை இங்கே வந்து சேரும். விரிகுடாவின் வாய் வடமேற்கைப் பார்த்திருப்பதால் தடுப்பு கிடையாது. காற்றே இருக்காது, ஆனால் படகு ராத்திரி முழுக்க இடதும் வலதுமாக ஆடும். அலமாரிக்குள் டம்ளர் ஒன்று கிணுகிணு என்று அடித்துக்கொண்டே இருக்கும், எழுந்து போய்த் துணி சுற்றி வைத்தால் அடுத்து ஸ்பூன் ஆரம்பிக்கும். பின்பக்கம் இன்னொரு நங்கூரம் போட்டுப் படகின் மூக்கை அலைக்கு நேராகத் திருப்பிவிட்டால் கொஞ்சம் அடங்கும். அந்த நாட்களில் டிங்கியில், அதாவது கரைக்குப் போய்வர வைத்திருக்கும் குட்டிப் படகில், கரைக்குப் போவதும் சிரமம்.

தண்ணீரைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கடலில் குளித்துவிட்டு நல்ல தண்ணீரில் ஒரு சொம்பு ஊற்றிக்கொள்வது, மழைக்காலத்தில் தார்ப்பாய் கட்டிப் பிடிப்பது, மீதிக்குக் கரையிலிருந்து கேன். உப்புநீரைக் குடிநீராக்கும் இயந்திரம் வைத்திருப்பவர்கள் சோலார் பேனலையும் கூடவே யோசிக்க வேண்டும்.

"ஏன் நகரவில்லை" என்பதற்கு ஒரு நேர்மையான பதிலும் உண்டு. பக்கத்துத் தீவு நாடான கிரெனடாவிலிருந்து இங்கே வருவதென்றால் காற்றும் எதிர், நீரோட்டமும் எதிர். அவ்வளவு கஷ்டப்பட்டு வந்தவனுக்கு உடனே கிளம்ப மனசு வருமா? அந்தக் கஷ்டத்தால்தான் இங்கே படகுக் கூட்டமும் குறைவு.

கடைசியாகப் புயல் காலம். ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. டொபேகோ தெற்கே இருக்கிறது, புயல் வராது என்று படகுக்காரர்கள் சிலர் சொல்வார்கள். அரிதாகத்தான் வரும், ஆனால் வராமல் இல்லை. 1963 செப்டம்பர் 30 அன்று ஃப்ளோரா இந்தத் தீவின் மேலேயே அடித்தது, கோகோ தோட்டங்களும் தென்னையும் நாசமாயின. 2024 ஜூலை 1 அன்று பெரில் புயல் வடக்கே கேரியக்கூ தீவைச் சிதைத்தது. அங்கே பாதுகாப்பு என்று நம்பி அலையாத்திக் காட்டுக்குள் கட்டி வைத்திருந்த படகுகளும் தப்பவில்லை. ஆகவே காப்பீட்டுப் பத்திரத்தில் எந்த அட்சரேகைக்குத் தெற்கே இருக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று படித்துவிட்டு முடிவெடுங்கள். அந்த மாதங்களில் பலர் டிரினிடாட்டின் சாகுவாரமாஸ் போய்ப் படகைத் தரையேற்றிவிடுகிறார்கள். ஒரே நாடுதானே என்று சொல்லாமல் கிளம்பிவிடாதீர்கள், இங்கே தாள்களை முடித்துக்கொண்டு அங்கே போய் மறுபடி பதிய வேண்டும்.