செப்டம்பர் 3: இடம் வலமான ஞாயிறு

அவையோருக்கு வணக்கம்.

செப்டம்பர் 3 என்றால் வேகப் பிரியர்கள் 1935ஐச் சொல்வார்கள். அமெரிக்காவின் பான்வில் உப்புவெளியில் மால்கம் கேம்ப்பெல்லின் புளூபேர்டு கார் மணிக்கு 301 மைல் தொட்டது அன்றுதான். காற்றின் தயவு கணக்கில் சேராமலிருக்க எதிரெதிர்த் திசைகளில் இருமுறை ஓட்டிச் சராசரி எடுத்தார்கள். பெரிய சாதனைதான். ஆனால் 1967இல் அதே தேதியில் ஸ்வீடனில் சாலையின் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் மாற வண்டிகள் நின்றதே, அதை நான் இன்னும் பெரிதாக மதிக்கிறேன்.

ஸ்வீடன் அதுவரை நம்மைப் போல இடப்பக்கம் போன நாடு. எல்லை தாண்டினால் நார்வேயும் பின்லாந்தும் வலப்பக்கம். கூத்து என்னவென்றால், ஸ்வீடன் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு ஸ்டியரிங்கும் இடப்பக்கமே. ஓட்டுநர் சாலையோரமாக உட்கார்ந்திருப்பார். முன்னால் ஒரு லாரி போனால், எதிரில் என்ன வருகிறது என்று எட்டிப் பார்ப்பதற்கே பாதிக் காரை எதிர்த்தடத்தில் நீட்டியாக வேண்டும். அப்படியிருந்தும் 1955 வாக்கெடுப்பில் நூற்றுக்கு 83 பேர் மாற்றம் வேண்டாம் என்றார்கள். 1963இல் நாடாளுமன்றம் மாற்றியே தீர்வது என்று முடிவெடுத்தது.

சட்டம் போட்டாயிற்று, பஸ் கதவை என்ன செய்வது? இடப்பக்கக் கதவு இனி நடுரோட்டில் திறக்கும். சுமார் ஆயிரம் புதிய பஸ்கள் வாங்கினார்கள், எட்டாயிரம் பழைய பஸ்களுக்கு வலப்பக்கமும் கதவு வைத்தார்கள். சில நகரங்களின் பழைய பஸ்கள் பாகிஸ்தானுக்கும் கென்யாவுக்கும் விலை போயின.

அடுத்தது ஹெட்லைட். டிம்மில் ஒளி இரு பக்கமும் ஒரே உயரத்தில் விழாது. ஓரத்தில் நடப்பவர் தெரிய அந்தப் பக்கம் தூக்கலாகவும், எதிரே வருபவர் கண் கூசாமலிருக்க மறுபக்கம் தாழ்வாகவும் விழும். பக்கம் மாறியபின் அதே விளக்கோடு போனால் தூக்கல் ஒளி நேராக எதிராளியின் கண்ணில்தான் அடிக்கும். கண்ணாடியிலேயே அமைந்த சாய்வு இது. திருகாணியைத் திருகிச் சரிசெய்ய முடியாது, விளக்கையே மாற்ற வேண்டும். அன்றைக்குப் பல கார்களுக்கும் பொதுவான வட்ட விளக்கு என்பதால் செலவு கையைக் கடிக்கவில்லை. தள்ளிப்போட்டிருந்தால் மாடலுக்கொரு விளக்கு தேட வேண்டியிருந்திருக்கும்.

புதிய பலகைகளை முன்கூட்டியே நட்டு, கறுப்பு உறை போட்டு மூடிவைத்தார்கள். ஞாயிறு விடியற்காலை 1 மணி முதல் 6 வரை அத்தியாவசிய வண்டிகளுக்கு மட்டுமே அனுமதி. ஸ்டாக்ஹோமில் தடை இன்னும் நீளம். 4.50க்குச் சாலையிலிருந்த எல்லா வண்டியும் நிற்க வேண்டும். மெதுவாக வலப்பக்கம் மாறி மறுபடி நிற்க வேண்டும். 5 மணி அடித்தால் கிளம்பலாம். ரயில்கள் மட்டும் இன்றும் இடப்பக்கம்தான்!

மறுநாள் திங்கட்கிழமை பதிவான விபத்துகள் 125, வழக்கமான திங்கள்களைவிடக் குறைவு. உயிரிழப்பு ஒன்றுமில்லை. 1966இல் 1,313 ஆக இருந்த சாலைச் சாவுகள் 1967இல் 1,077 ஆயின. வலப்பக்கம் போனதால் மட்டும் வந்த பலன் என்று இதை எடுத்துக்கொள்ளாதீர்கள். வேக வரம்பைக் குறைத்திருந்தார்கள், ஓட்டியவர்களும் பயந்து ஓட்டினார்கள். பயம் தெளிந்தது, 1969இல் எண்ணிக்கை 1,275.