மல்லாட்டையை (நிலக்கடலையை) வித்துட்டு பாமாயில் வாங்கினா?

அடுத்த கேள்வி, கே.வி.குப்பம் பக்கத்துலருந்து ஒரு அண்ணன் அனுப்பியிருக்காரு. வயசு 46. படிக்கிறேன். "மொத்தக் கொலஸ்ட்ரால் 248, எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) 164, ட்ரைகிளிசரைடு (ரத்தத்துல இருக்கிற இன்னொரு கொழுப்பு) 210. சுகர் இல்லை. முட்டையை நிறுத்திட்டேன், மல்லாட்டையைத் தொடறதே இல்லை. மூணு மாசமாகியும் இறங்கலை. சாப்பாட்டாலேயே குறைக்கலாமா, மாத்திரை போட்டே ஆகணுமா?" கீழ ஒரு வரி: "எங்க நிலத்துலயே மல்லாட்டை போடறோம். வீட்டுல சமையலுக்கு ரேஷன் பாமாயில்தான்."

அண்ணே, அந்தக் கடைசி வரியைத்தான் நான் ரெண்டு தடவை படிச்சேன். விளைஞ்ச மல்லாட்டையை மூட்டை கட்டி மார்க்கெட் கமிட்டியில போட்டுட்டு, 25 ரூபா பாமாயில்ல தாளிக்கிறீங்க. விலை புரியுது, நான் குறை சொல்லல. ஆனா தள்ளி வெக்க வேண்டியதைத் தட்டுல வெச்சுக்கிட்டு, தட்டுல இருக்க வேண்டியதைத் தள்ளிட்டீங்க.

மல்லாட்டையில கொலஸ்ட்ரால் கிடையாது. செடியில விளையறது எதுலயுமே சொல்லிக்கிற அளவுக்கு இருக்காது. அதனால பாமாயில் பாக்கெட்டுல 'கொலஸ்ட்ரால் இல்லை'ன்னு போட்டா அதுவும் பொய்யில்ல. விஷயம் வேற. நம்ம உடம்புல இருக்கிற கொலஸ்ட்ரால்ல பெரும்பங்கு கல்லீரலே செய்யறது. ரத்தத்துல சுத்தற எல்டிஎல்லைத் திரும்பப் பிடிச்சு இழுக்கறதும் அதேதான். நிறைவுற்ற கொழுப்பு நிறைய உள்ள போச்சுன்னா, இந்த இழுக்கற வேலை மந்தமாயிடும். பாமாயில்ல அந்தக் கொழுப்பு கிட்டத்தட்ட பாதி. கடலெண்ணெயில அஞ்சுல ஒரு பங்குதான். தேங்காயெண்ணெயில பத்துல ஒம்பது, அதையும் சொல்லிடறேன், இல்லன்னா கீழ கமெண்ட்டுல சண்டைக்கு வருவீங்க.

அதுக்காக கடலெண்ணெய் செக்குல ஆட்டினதாச்சேன்னு நிறைய ஊத்திடாதீங்க. ஆளுக்கு மாசம் அரை லிட்டர், அவ்வளவுதான். இலவம்பாடி முள்ளு கத்திரிக்காய் ருசிதான், யார் இல்லைன்னா? ஆனா கத்திரிக்காய் ஊத்தற எண்ணெயெல்லாம் குடிச்சிடும். காரக்குழம்புல போட்டு வேக வைங்க. மல்லாட்டையை வேகவெச்சு ஒரு கைப்பிடி, தினமும் சாப்பிடலாம். முட்டை வாரத்துக்கு மூணு நாலு பரவாயில்லை. ஆம்பூர் பிரியாணி? மாசத்துக்கு ஒரு நாள் போயிட்டு வாங்க, நானும் போறவதான். சாயங்காலம் டீக்கடையில திரும்பத் திரும்பக் காய்ச்சின எண்ணெயில போடற போண்டா, அதை விட்டுடுங்க.

இனி சேர்க்க வேண்டியது. கல்லீரல் கொலஸ்ட்ராலை வெச்சுத்தான் பித்தநீர் செய்யுது. கொள்ளு, காராமணி, வெண்டைக்காய், ஓட்ஸ் இதுல இருக்கிற கரையற நார்ச்சத்து, குடல்ல அந்தப் பித்தத்தைப் பிடிச்சு வெளிய தள்ளிடும். கல்லீரல் புதுசா பித்தம் செய்ய ரத்தத்துலருந்து கொலஸ்ட்ராலை எடுத்தாகணும். கேழ்வரகுக் களி நல்லதுதான், ஆனா ரெண்டு பெரிய உருண்டை உருட்டிட்டு 'சோறு சாப்பிடலையே'ன்னு சொல்லாதீங்க. ஒண்ணு போதும், மீதி இடத்தைக் கீரைக் கடைசலுக்கு விடுங்க. உங்க ட்ரைகிளிசரைடு 210 இருக்கே, அது சோறு, சர்க்கரை போட்ட டீ, மது இதுலதான் ஏறும். குறைச்சா சீக்கிரமாவும் இறங்கும்.

எல்டிஎல் அப்படி இறங்காது. சாப்பாட்டால நூத்துக்குப் பத்து, பதினைஞ்சு குறையும். உங்க 164, 140 பக்கம் வரலாம். சுகர், பிபி, மாரடைப்பு எதுவும் இல்லாதவங்க மூணு மாசம் இப்படி முயற்சி பண்ணலாம், உங்க டாக்டர்கிட்ட சொல்லிட்டு. ஆனா 190ஐத் தாண்டினவங்களும், ஏற்கெனவே இதயத்துல பிரச்சினை வந்தவங்களும் இந்த வீடியோவைப் பார்த்து மாத்திரையை நிறுத்தக் கூடாது. அண்ணே, அடுத்த தடவை டெஸ்ட்டுக்கு ரத்தம் குடுக்கும்போது தைராய்டும் பார்த்துடுங்க. அது குறைஞ்சாலும் எல்டிஎல் ஏறும், அப்போ எண்ணெயை மாத்தி மட்டும் பிரயோஜனமில்லை.

சரி, அடுத்த கேள்வி குடியாத்தத்துலருந்து.