"எனக்குத் தெரியவில்லை" என்று எழுதிய ராஷி

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். யூத வேதத்தின் முதல் ஐந்து நூல்களான தோராவுக்கு உரை எழுதிய இடைக்கால யூத அறிஞர்களின் பெருமை மரபுக் கதைகளால் இடைவெளியை நிரப்பியதிலா, நேர்ப்பொருளில் நின்றதிலா என்பது தலைப்பு. நேர்ப்பொருளுக்காகப் பேச வந்திருக்கிறேன்.

எதிரணி நண்பர், ஆதியாகமம் என்ற முதல் நூலில் வரும், தம்பி ஆபேலைக் கொன்ற காயீன் கதையைச் சொல்லிக் கைதட்டல் வாங்கிக்கொண்டு போனார். எபிரேய மூலத்தில், 'காயீன் தன் சகோதரன் ஆபேலிடம் சொன்னான்' என்று இருக்கிறது. என்ன சொன்னான்? அது இல்லை! அடுத்து வயல்வெளி, கொலை. (நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் 'பேசினான்' என்று போட்டிருப்பதால் ஓட்டையே தெரியாது.) பழைய ரபிகளின், அதாவது யூத மத குருமாரின், விளக்கக் கதைத் தொகுப்பான மித்ராஷ் அங்கே ஒரு கதை வைக்கிறது. அண்ணனும் தம்பியும் உலகத்தைப் பாகம் பிரித்தார்களாம். ஒருவனுக்கு நிலம், மற்றவனுக்கு மீதியெல்லாம். 'நீ நிற்கிற மண் என்னுடையது, பறந்து போ!' 'நீ உடுத்தியிருப்பது என்னுடையது, அவிழ்த்துப் போடு!' பாகப்பிரிவினை வழக்குக்கு அலைந்தவர் எவருக்கும் பிடிக்கிற கதை. எனக்கும் பிடிக்கும்.

ஆனால் ராஷி என்ன செய்தார்? 1040-இல் பிரான்சின் ட்ருவா நகரில் பிறந்த தோரா உரையாசிரியர் அவர். இந்தக் கதைகளெல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. இருந்தும் அவர் சொன்னது இவ்வளவுதான்: கொல்ல ஒரு சாக்கு தேடி வம்புக்கு இழுத்தான். மித்ராஷ் கதைகள் உண்டு, வசனத்தின் நேர்ப்பொருள் இது. கதையை அவர் விரட்டவில்லை, திண்ணையில் உட்கார வைத்துவிட்டார்.

'மற்ற இடங்களில் அவரே மித்ராஷை அள்ளி வைக்கிறாரே' என்பீர்கள். வைக்கிறார், ஒத்துக்கொள்கிறேன். அதற்காக வீட்டுக்குள்ளேயே வாக்குவாதம் நடந்திருக்கிறது. வாதாடியவர் மகள் வயிற்றுப் பேரன் ரஷ்பாம். 'நேரம் இருந்தால், நாளுக்கு நாள் புதிதாகப் புலப்படும் நேர்ப்பொருளை வைத்து வேறு உரை எழுதியிருப்பேன்' என்று தாத்தா தன்னிடம் ஒப்புக்கொண்டதாக, ஆதியாகமம் 37-ஆம் அதிகார உரையில் எழுதிவைத்திருக்கிறார் பேரன்.

இன்னொரு இடம், ஆதியாகமம் 28:5. ரெபெக்காளை 'யாக்கோபுக்கும் ஏசாவுக்கும் தாய்' என்கிறது வசனம். அவள் இரட்டையரைப் பெற்ற கதை முன்பே வந்தாயிற்று. மறுபடி எதற்கு? ராஷி எழுதுகிறார்: 'இது நமக்கு எதைக் கற்பிக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.' எத்தனையோ வசனங்களுக்கு உரையே எழுதாமல் போனவர் அவர். இதையும் தாண்டியிருந்தால் யார் கேட்கப்போகிறார்கள்? நின்று, மை தொட்டு, தெரியவில்லை என்று எழுதினார். அந்த வரிக்கு எதிரணி என்ன கதை வைத்திருக்கிறது, கேட்டுச் சொல்லுங்கள் நடுவர் அவர்களே!