மணியோசை முன்னே வரும்: வாசிகசாலையில பேசினத அப்பிடியே எழுதியிருக்கன்

எல்லாருக்கும் வணக்கம். தலைவர் ஐயா, பிரதேச செயலகத்தில இருந்து வேலைக்கு நடுவில வந்திருக்கிற உத்தியோகத்தர் அம்மா, நம்மட கோயில் நிருவாகம் பாக்கிற வண்ணக்கர் ஐயா, அதிபர் சேர், கிராம சேவையாளர் தம்பி, மட்டக்களப்பு வாவி கடந்து கிழக்கால எழுவான்கரையில இருந்து வந்த நண்பர்கள், எல்லாருக்கும் நன்றி. வண்ணக்கர் ஐயாவப் பத்தி ஒரு வசனம் சொல்லாம விட்டா எனக்கு மனம் ஆறாது, இந்த வாசிகசாலைக்குத் தகரம் போட முதல் காசு தந்தவர் அவர்தான், அந்தத் தகரத்துக்குக் கீழதான் இப்ப நாம எல்லாரும் இருக்கம். அதிபர் சேர் எனக்கு எட்டாம் வகுப்பில படிப்பிச்சவர், அவர் முன்னால பேசக் கிடைச்சது பெரிய பாக்கியம்.

தந்த தலைப்பு, நம்மட தலைவர்மார் வெளிநாடு போனா வெளிநாட்டுப் பேப்பர்காரர் என்ன எழுதுறாங்க எண்டு. மூண்டு விசயமாப் பிரிச்சு வச்சிருக்கன், இந்தியப் பேப்பர், சீனப் பேப்பர், மேற்கு நாட்டுப் பேப்பர். அதுக்கு முதல் நம்மட பழமொழி ஒண்டு, யானை வரும் பின்னே மணியோசை வரும் முன்னே. பேப்பர் எண்டுறது மணியோசை. ஒப்பந்தம், காசு, காணி, கடல் இதெல்லாம் யானை. மணிச் சத்தத்த மட்டும் கேட்டிட்டு யானை எந்தப் பக்கம் போகுது எண்டு பாக்காம விட்டா நட்டம் நமக்குத்தான்.

2024 டிசம்பர் 15ஆம் தேதி ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க டெல்லிக்குப் போனாரு, பதவிக்கு வந்த பிறகு அவர்ர முதல் வெளிநாட்டுப் பயணம் அது. இந்தியப் பேப்பர் எல்லாத்துக்கும் அந்த 'முதல்' எண்ட சொல்லுதான் பெரிசு, பெய்ஜிங்குக்குப் போகாம முதல்ல நம்மட்ட வந்தாரு எண்டு. இலங்கை மண்ண இந்தியாவுக்கு எதிரா யாரும் பாவிக்க விடமாட்டம் எண்டு அவர் சொன்னது தலைப்பாப் போச்சு. தமிழ்நாட்டுப் பக்கம் மீனவர் பிரச்சினை. கடலடிய வழிச்சு அள்ளுற அடிமடி வலைய நிப்பாட்டுங்க எண்டு இவர் கேட்டதும் அதில இருந்தது. மோடி அவர்கள் தமிழர்ர எதிர்பார்ப்ப நிறைவேத்துங்க, மாகாண சபைத் தேர்தல வையுங்க எண்டு சொன்னாரு, நமக்கு அதுதான் பெரிய செய்தி, ஏனெண்டா கிழக்கு மாகாண சபைக்கு 2017 செப்டம்பரோட காலம் முடிஞ்சது, அதுக்குப் பிறகு கதிரை காலிதான்.

மறுகா ஒரு மாசம் போகல்ல, 2025 ஜனவரியில அதே ஜனாதிபதி பெய்ஜிங்கில நிக்கிறாரு. ஷி ஜின்பிங்கோட பேச்சு, அம்பாந்தோட்டையில எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைக்கு சினோபெக் எண்ட சீன எண்ணெய்க் கம்பெனி 370 கோடி டொலர். சீனப் பக்கத்தில பட்டுப்பாதை, நட்பு எண்டு எழுதினாங்க, இந்தியப் பக்கத்தில 2017இல சீனக் கம்பெனிக்கு 99 வருசத்துக்குக் குத்தகைக்குப் போன அம்பாந்தோட்டைத் துறைமுகத்தத் திருப்பித் திருப்பி ஞாபகப்படுத்தினாங்க. ஆள் ஒருத்தர், மணி ரெண்டு. ரெண்டு பக்கமும் இந்தத் தீவ ரெண்டு பெரிய நாட்டுக்கு நடுவில கிடக்கிற துண்டாத்தான் பாக்குது, இதுக்குள்ள ஆக்கள் இருக்கிறாங்க எண்டு பாக்கிற கண் குறைவு, எனக்கு வயிறு எரியிறது அதிலதான்.

மேற்கு நாட்டுப் பேப்பருக்கு வாறன், அதுக்கு முதல் ஒரு கதை. 1984 ஜூன், எனக்குப் பத்து வயசு. அப்ப ஜனாதிபதியா இருந்த ஜே.ஆர். ஜெயவர்தன அமெரிக்காவுக்குப் போய் அந்த நாட்டு ஜனாதிபதி ரீகனுக்கு ஒரு யானைக்குட்டியக் குடுத்தாரு. ரீகன்ட கட்சிக்கும் சின்னம் யானை, ஜே.ஆர்.ட கட்சிக்கும் சின்னம் யானை. வெள்ளை மாளிகைப் புல்தரையில ரெண்டு பேரும் குட்டியோட நிக்கிற போட்டோ. தமிழருக்கு எதிரான 83 கலவரம் முடிஞ்சு ஒரு வருசம் ஆகல்ல, கொழும்பில வீடு எரிஞ்சு ஓடி வந்த ரெண்டு குடும்பம் அப்ப எங்கட ஊர்ப் பள்ளிக்கூடத்திலதான் படுத்தெழும்புது. அந்தப் போட்டோ வந்த பேப்பர அப்பா தேத்தண்ணிக் கடையில விரிச்சு வச்சு சத்தமா வாசிச்சாரு. வாங்கில இருந்த, வயலுக்குத் தண்ணி பங்கிடுற வட்டவிதானை ஐயா கண்ணாடியத் துடைச்சுப் போட்டுக்கொண்டு குனிஞ்சு படத்தப் பாத்தாரு, கனநேரம் பாத்தாரு, பாத்திட்டுக் கேட்டாரு, "குட்டியக் குடுத்தாரு சரி, தாய் எங்க நிக்கிது?" கடையில ஒருத்தரும் பேசல்ல. அவரே சொன்னாரு, "தாய் நம்மட வயல் வட்டைக்குள்ள தேடித் திரியிது, அதையும் கூட்டிக்கொண்டு போகச் சொல்லி எழுதுங்கடா." கடையே சிரிச்சுது. பள்ளிக்கூடத்தில தங்கியிருந்த குடும்பத்தில இருந்து தேத்தண்ணி வாங்க வந்த ஒரு அம்மா மட்டும் சிரிக்கல்ல, அந்த முகம் இண்டைக்கும் எனக்கு ஞாபகம்.

இப்பவும் அந்தத் தாய் நம்மட வட்டைக்குள்ளதான் நிக்கிது. யானை வரும் பின்னே மணியோசை வரும் முன்னே எண்டு சொன்னன், வாவிக்கு மேற்கால இருக்கிற நம்மட படுவான்கரை யானைக்கு மணி இல்ல. போன மாரியில விடியப்புறம் ரெண்டு மணிக்கு எங்கட பின்வளவில நெல்லு மூட்டை அடுக்கின அறைச் சுவர் விழுந்திச்சு. காலையில பாத்தா ஈர மண்ணில சுளகு அளவு அடி, அதுக்குள்ள தண்ணி தேங்கி நிக்கிது, சுத்திவர நெல்லு. 2011 கணக்கெடுப்பில இலங்கையில 5,879 யானை. 2023இல மட்டும் நானூறுக்கு மேல யானையும் நூறுக்கு மேல மனுசரும் செத்தாங்க. இத எந்த வெளிநாட்டுப் பயணத்திலயும் பேச்சில வச்சதா நான் வாசிக்கல்ல.

யானைக்கு மின்சார வேலி இல்லையா எண்டு கேப்பீங்க. தாந்தாமலைப் பக்கம் எங்கட வயலோரம் தூண் நிக்கிது, கம்பியில கொடி ஏறிக் கிடக்கு, பற்றறி செத்து எட்டு மாசம். பொறுப்பான கந்தோருக்கு நாலு தரம் போனன், நாலு தரமும் மேல எழுதியிருக்கம் எண்டாங்க. டெல்லியோடயும் பெய்ஜிங்கோடயும் கோடிக்கணக்கில கையெழுத்துப் போடுற நாட்டுக்கு ஒரு பற்றறி மாத்த ஏலாதா? காவல் பரணில யானை வெடியோட முழிச்சிருக்கிற பொடியனுக்கு அதுதான் வெளிநாட்டுக் கொள்கை, உள்நாட்டுக் கொள்கை எல்லாம்.

நேரமாச்சு எண்டு தலைவர் ஐயா கை காட்டுறாரு, மேற்கு நாட்டுப் பேப்பர இன்னொரு நாளைக்குப் பேசுவம். வாசல் மேசையில இந்த வேலி விசயமா மனு ஒண்டு வச்சிருக்கன், தமிழிலயும் சிங்களத்திலயும் இங்கிலீசிலயும். உத்தியோகத்தர் அம்மா போகக்குள்ள கையோட கொண்டு போறன் எண்டு வாக்குத் தந்திருக்கிறாங்க. எட்டு மணிக்கு முதல் எல்லாரும் கையெழுத்து வச்சிட்டு, வயலோரத்தால போறவங்க தனியப் போகாம சேந்து போங்க.