இடியாப்ப அச்சில் பிழிந்த வெடிமருந்து! நான்கு சவரன் குண்டு குறி தவறிய கதை

[காட்சி: சமையல் மேடை. இடியாப்ப அச்சிலிருந்து மாவு நூல் நூலாக இட்லித் தட்டில் விழுகிறது.]

இந்த இடியாப்பத்தை நன்றாகப் பாருங்கள். நூறு வருடத்துக்கு முன்னால் இதே குன்னூர் மலையில், கிட்டத்தட்ட இதே மாதிரி மாவு பிசைந்து, இதே மாதிரி அச்சில் வைத்துப் பிழிந்தார்கள். ஆனால் அதை யாரும் தேங்காய்ப்பால் ஊற்றிச் சாப்பிடவில்லை. துப்பாக்கித் தோட்டாவுக்குள் கட்டுக் கட்டாக அடுக்கினார்கள். அது வெடிமருந்து!

வணக்கம். இன்றைக்கு ஒரு பழைய வேட்டைத் தோட்டாவைப் பற்றிப் பேசப் போகிறோம். அதன் பெயர் .470 நைட்ரோ எக்ஸ்பிரஸ். முன்னால் இருக்கும் எண், குண்டின் பருமனை ஏறக்குறைய அங்குலக் கணக்கில் சொல்வது. யானைக்கும் காட்டெருமைக்கும் என்று இங்கிலாந்தில் செய்தது. மேட்டுப்பாளையம் வெயிலில் ஒரு இடத்தில் பட்டு, ஊட்டிக் குளிரில் வேறு இடத்தில் படக்கூடிய தோட்டா. ஏன் அப்படி? அதை மறுபடி சரியாகச் சுட வைக்க, இன்றைக்கும் வெளிநாடுகளில் சிலர் வீட்டு மேசையில் உட்கார்ந்து தாங்களே தோட்டா நிரப்புகிறார்கள். எப்படி? கடைசி வரை பாருங்கள், நடுவில் ஒரு குன்றிமணிக் கணக்கு வருகிறது. எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் உரிமம் இல்லாமல் தோட்டா செய்வது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். வேட்டைக்கு 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் முற்றுப்புள்ளி வைத்துவிட்டது. அதில் எனக்கு முழுச் சம்மதம். முக்குருத்தியில் வரையாட்டைத் தூரத்திலிருந்து பார்த்து நிற்பதே போதும். அதனால் எத்தனை கிராம் மருந்து, எந்த மருந்து என்ற கணக்கெல்லாம் இந்த வீடியோவில் வராது. வரலாறும் அறிவியலும் மட்டும்தான்.

சரி, அடிப்படையை வேகமாகப் பார்த்துவிடுவோம். ஒரு தோட்டாவில் நான்கு பாகம். பித்தளைக் கூடு, அதன் அடியில் சின்ன கேப், உள்ளே மருந்து, வாயில் குண்டு. விசையை இழுத்தால் கேப் பொறி விடும், மருந்து எரியும், வாயு விரிந்து குண்டைக் குழலுக்குள் தள்ளும். அவ்வளவுதான்.

[காட்சி: பித்தளைக் கூட்டின் வரைபடம், பக்கத்தில் ஒரு சவரன் நாணயம்.]

என் சின்ன வயதில் எங்கள் பாட்டி ஊசி போட்டு வைப்பதற்கு ஒரு பித்தளைக் குப்பி வைத்திருந்தார். தாத்தா எஸ்டேட்டில் கணக்கப்பிள்ளை. யாரோ துரை சுட்டுப்போட்ட கூட்டை எடுத்து வந்திருக்கிறார். ஏறக்குறைய என் நடுவிரல் நீளம். வாயில் என் சுண்டுவிரல் நுழையும். கார்க் துண்டு ஒன்றைச் செருகி மூடியிருப்பார். அடியில் வட்டமாகக் கைனாக் என்று தோட்டாக் கம்பெனியின் பெயர் ஆங்கில எழுத்தில், நடுவில் கேப்பின் மேல் ஊசி குத்திய ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தை நகத்தால் தடவிக்கொண்டே இருப்பேன். பெரியவனான பிறகுதான் அது .470 என்று புரிந்தது.

அதன் குண்டு 500 கிரெயின் எடை. கிரெயின் என்றால் என்னவோ என்று பயப்பட வேண்டாம், நம் கணக்கில் சொல்கிறேன். 32 கிராம் சொச்சம். அதாவது நான்கு சவரன்! ஒரு கல்யாணச் சங்கிலி எடையுள்ள உலோகம் விநாடிக்கு 650 மீட்டருக்கு மேல் பறக்கிறது.

இந்தத் தோட்டா பிறந்ததற்கே இந்தியா ஒரு காரணம். அதற்கு முன் எல்லோரும் விரும்பியது .450. ராணுவத் துப்பாக்கியின் அளவோடு ஒத்துப்போகும் தோட்டாக்கள் கலகக்காரர்கள் கைக்குப் போய்விடும் என்று பயந்து, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் அரசு அந்த அளவை இங்கே தடை செய்தது. உடனே லண்டன் துப்பாக்கிக் கம்பெனிகள் கொஞ்சம் பெரிதாக .465, .470, .475 என்று வரிசையாகக் கொண்டுவந்தன.

இப்போது இடியாப்பத்துக்கு வருவோம். அந்த மருந்தின் பெயர் கார்டைட். 1889இல் பிரெடரிக் ஏபெல், ஜேம்ஸ் டூவர் என்ற இரண்டு விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். அமிலத்தில் ஊறிய பஞ்சையும் நைட்ரோகிளிசரின் என்ற வெடிக்கும் திரவத்தையும் அசிட்டோன் என்ற கரைப்பான் விட்டுப் பிசைவார்கள். கூடவே கொஞ்சம் வாசலின். ஆமாம், பனிக்காலத்தில் நாம் உதட்டில் தடவுகிற அதே வாசலின்! குழல் தேயாமல் வழுவழுப்பாக இருக்கட்டும் என்று சேர்த்தார்கள். மருந்து சீக்கிரம் கெட்டுப்போகாமல் காப்பதுதான் அதன் உண்மையான பயன் என்று பிறகு தெரிந்தது. பிசைந்த மாவை அச்சில் பிழிந்தால் நீள நீளமான நூல். கயிறு என்ற பொருளுள்ள ஆங்கிலச் சொல்லிலிருந்துதான் கார்டைட் என்ற பெயரே வந்தது.

நூல் மெல்லிசாக இருந்தால் வேகமாக எரியும், தடியாக இருந்தால் நிதானமாக எரியும். சேமியா சட்டென்று வெந்துவிடும், தடி நூடுல்ஸ் நேரம் எடுக்கும், அதே மாதிரிதான். ஆக அச்சின் ஓட்டை அளவை மாற்றியே துப்பாக்கியின் குணத்தை மாற்றினார்கள். என்ன ஒரு யோசனை!

இன்னொரு விஷயம் இருக்கிறது. ராணுவத்தின் .303 தோட்டாவுக்குக் கழுத்து ஒடுக்கமாக இருக்கும். அந்த ஒடுங்கிய கழுத்து வழியாக இந்த நூல் கட்டை எப்படி நுழைத்தார்கள்? யோசித்துப் பாருங்கள், வீடியோவை வேண்டுமானால் நிறுத்திக்கொள்ளுங்கள். விடை: நுழைக்கவே இல்லை. கூடு நேராக இருக்கும்போதே மருந்துக் கட்டை உள்ளே வைத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் கழுத்தை நெரித்து ஒடுக்கினார்கள். உள்ளே வெடிமருந்து இருக்கும்போதே! இதை முதன்முதலில் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

முதல் உலகப் போரில் பிரிட்டனுக்கு அசிட்டோன் தட்டுப்பாடு வந்தது. கைம் வைஸ்மன் என்ற வேதியியலாளர் மக்காச்சோளத்தைப் பாக்டீரியாவால் புளிக்க வைத்து அசிட்டோன் எடுத்துக் காட்டினார். 1917இல் பள்ளிப் பிள்ளைகள்கூட ஹார்ஸ் செஸ்ட்நட் என்ற மரத்தடியில் கிடந்த அதன் கொட்டைகளை அள்ளிக் கொடுத்தார்கள், அதிலிருந்தும் எடுத்துப் பார்க்கலாம் என்று. அந்த வைஸ்மன்தான் பிற்பாடு இஸ்ரேலின் முதல் குடியரசுத் தலைவர்.

[காட்சி: நீலகிரி மலை ரயில், அருவங்காடு நிலையப் பலகை.]

குன்னூரிலிருந்து மலை ரயிலில் ஊட்டிக்குப் போகும்போது வெலிங்டனுக்கு அடுத்து வருவது அருவங்காடு. அங்கே இருக்கும் கார்டைட் தொழிற்சாலை 1903இல் தொடங்கியது. அப்போது ரயில் குன்னூர் வரைதான். ஊட்டிக்கு 1908இல்தான் வந்தது. இந்த மலையில் பலருடைய வீட்டில் அடுப்பு எரிந்தது அந்தத் தொழிற்சாலைச் சம்பளத்தில். ஊரில் ‘கார்டைட்’ என்று சொன்னால் யாரும் மருந்தை நினைப்பதில்லை, தொழிற்சாலையைத்தான் நினைப்பார்கள்.

சரி, குறி ஏன் தவறியது? மலையில் இருப்பவர்களுக்கு இது உடனே புரியும். டிசம்பர் காலையில் உங்கள் வீட்டுத் தேங்காய் எண்ணெய் பாட்டில் கல் மாதிரி உறைந்திருக்கும், இல்லையா? அதே பாட்டிலைப் பையில் வைத்து மேட்டுப்பாளையம் இறங்குங்கள், பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது தண்ணீராக இருக்கும். வெடிமருந்துக்கும் அந்தச் சூடு தெரியும். சூடான மருந்து சீக்கிரமாக எரியும், அழுத்தம் ஏறும், குண்டு வேகமாகப் போகும். பழைய மருந்துகளில் ஒரு டிகிரி பாரன்ஹீட்டுக்கு விநாடிக்கு ஓர் அடி என்று வைத்துக்கொள்வது வழக்கம், அதற்கு மேலும் போகலாம். மேட்டுப்பாளையத்து மே மாத மதியத்துக்கும் ஊட்டி ஜனவரிக் காலைக்கும் உள்ள வித்தியாசத்தில் 60 அடி வேகம் மாறிவிடும்.

அழுத்தம் அதிகமானால் சுட்ட கூடு, குழலின் பின்புறம் தோட்டா உட்காரும் குழியில் ஒட்டிக்கொண்டு வெளியே வராது. எதிரே காட்டெருமை நிற்கும்போது அது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அதனால்தான் வெப்ப நாடுகளுக்கென்று மருந்து குறைத்த தோட்டாக்களைத் தனிப் பெட்டியில் விற்றார்கள்.

ஆனால் இந்த .470க்கு இன்னொரு சிக்கல். இது பெரும்பாலும் இரட்டைக் குழல் துப்பாக்கிக்கானது, இரண்டு குழலும் பக்கத்தில் பக்கத்தில். வலது குழலைச் சுட்டால் துப்பாக்கி வலப் பக்கம் திரும்பும், இடது குழலைச் சுட்டால் இடப் பக்கம். குண்டு குழலை விட்டு வெளியே வருவதற்குள்ளேயே, ஆயிரத்தில் ஒன்றிரண்டு விநாடிக்குள், இந்தத் திருப்பம் தொடங்கிவிடும். அதை ஈடுகட்ட, இரண்டு குழலையும் முனையில் லேசாக உள்நோக்கிச் சாய்த்து வைப்பார்கள். கைவினைஞர் சுட்டுப் பார்ப்பார், இரண்டு குழலையும் சேர்த்து ஒட்டிய ஈயப் பற்றை உருக்குவார், நடுவிலுள்ள ஆப்பை முடியளவு நகர்த்துவார், மறுபடி சுடுவார். இரண்டு குண்டும் ஒரே இடத்தில் விழும் வரை இதே வேலை.

இதெல்லாம் ஒரே ஒரு வேகத்துக்குத்தான் பொருந்தும். குண்டு வேகம் கூடினால் குழல் திரும்புவதற்கு முன்பே வெளியேறிவிடும், இரண்டும் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். வேகம் குறைந்தால் ஆளுக்கொரு பக்கம் விலகும்.

அப்புறம், இன்றைக்கு இந்தத் துப்பாக்கிகளை வெளிநாட்டில் வைத்திருப்பவர்களுக்குக் கார்டைட் கிடைப்பதில்லை. புது மருந்தைக் கொண்டு அந்தப் பழைய வேகத்தை மறுபடி பிடிக்க வேண்டும். அவர்கள் மேசையில் நடப்பது அந்தத் தேடல்தான். பலமான தோட்டா வேண்டும் என்று தொடங்குகிறவர் தோற்றுப்போவார். நூறு வருடத்துக்கு முன் அந்தக் கைவினைஞர் காதில் கேட்ட அதே வெடிச் சத்தத்தைத் தேடுகிறவர்தான் ஜெயிப்பார்.

[காட்சி: உள்ளங்கையில் குன்றிமணிகள். பக்கத்தில் சின்னத் தராசு.]

வந்துவிட்டது குன்றிமணி. சிவப்பும் கறுப்புமாக இருக்கும் இந்த விதையில்தான் அந்தக் காலத்தில் நகை ஆசாரிகள் தங்கம் நிறுத்தார்கள். ஒரு குன்றிமணி ஏறத்தாழ 0.12 கிராம். கிரெயின் கணக்கில் இரண்டுக்குக் கொஞ்சம் குறைவு. தோட்டா நிரப்புகிறவர்களின் தராசு ஒரு கிரெயினில் பத்தில் ஒரு பங்கு வரை காட்ட வேண்டும். அதாவது இந்த ஒரு மணியைப் பத்தொன்பது துண்டாக நறுக்கி, அதில் ஒரு துண்டு கூடினாலும் குறைந்தாலும் தெரிய வேண்டும்! மின்விசிறி ஓடினால் தராசு ஆடும் என்று நிறுத்திவிட்டு வேலை செய்வார்கள். நகைப் பட்டறையிலும் அப்படித்தானே?

உற்பத்தியாளர் சோதித்து வெளியிட்ட அட்டவணையில் குறைந்த அளவிலிருந்து தொடங்கி, சிறுகச் சிறுக ஏறுவார்கள். ஒவ்வொரு படியிலும் வேகமானியில் அளவெடுத்து, தாளில் இரண்டு குழலின் ஓட்டைகளையும் தனித்தனியாகக் குறிப்பார்கள். முதலில் விலகி நிற்கும் ஓட்டைகள் படிப்படியாக நெருங்கும். ஒரு படியில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்து உட்காரும். அங்கே நிறுத்திவிட வேண்டும். இன்னும் ஏற்றினால் குறுக்கே வெட்டத் தொடங்கும். கூட்டின் நீளம், குண்டு உட்காரும் ஆழம், கேப் எல்லாமே ஒவ்வொரு தோட்டாவிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும்.

மலை உயரத்தின் பங்கு? ஊட்டியில் காற்றழுத்தம் சமவெளியை விட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு, குண்டுக்குத் தடை குறையும். ஆனால் இந்தத் துப்பாக்கி சுடும் நூறு கஜத்துக்குள் அது கண்ணுக்கே தெரியாது.

உங்கள் வீட்டில் யாராவது அருவங்காட்டில் வேலை பார்த்திருந்தால் அவர்கள் சொன்ன கதையைக் கீழே எழுதுங்கள், ஒவ்வொன்றையும் படிப்பேன். குன்றிமணி வைத்து நிறுக்கும் ஆசாரி இன்னும் உங்கள் ஊரில் இருந்தால் அதையும் சொல்லுங்கள், கேமராவோடு நானே வருகிறேன். சப்ஸ்கிரைப் செய்துவிடுங்கள்.

[காட்சி: இடியாப்பத் தட்டு, ஆவி பறக்கிறது. தேங்காய்ப்பால் ஊற்றும் கை.]