குடத்துக்குள் எத்தனை கறுப்பு?

வணக்கம். இன்றைக்கு ஒரு பந்தயம். பணம் நான் தரமாட்டேன், மனதுக்குள் கட்டிக்கொள்ளுங்கள்.

ஒரு குடத்தில் 90 பந்துகள். 30 சிவப்பு, அது உறுதி. மீதி 60-ல் கறுப்பும் மஞ்சளும் கலந்திருக்கின்றன. எது எத்தனை என்று தெரியாது. கண்ணை மூடி ஒன்றை எடுக்க வேண்டும். சிவப்பு வரும் என்று 100 ரூபாய் கட்டுவீர்களா, கறுப்பு வரும் என்றா?

பெரும்பாலும் சிவப்பு என்பார்கள். சரி, அதே குடம். இப்போது 'சிவப்பு அல்லது மஞ்சள்' ஒரு பக்கம், 'கறுப்பு அல்லது மஞ்சள்' மறுபக்கம். பலரும் இரண்டாவதற்குத் தாவுவார்கள், அதில் 60 பந்துகள் உறுதி என்பதால்.

ஆனால் பாருங்கள், மஞ்சள் இரண்டு பக்கமும் இருக்கிறது. அதைத் தள்ளிவிட்டால் மறுபடியும் அதே கேள்விதான்: சிவப்பா, கறுப்பா? முதலில் சிவப்பு என்றவர்கள் இப்போது கறுப்பு என்கிறார்கள்!

இந்தப் புதிரை 1961-ல் எழுதியவர் டேனியல் எல்ஸ்பெர்க். ஆமாம், வியட்நாம் போர் குறித்த பென்டகன் ரகசிய ஆவணங்களை 1971-ல் வெளியே விட்டவரேதான். இப்படி மாற்றி மாற்றித் தேர்ந்தெடுப்பது தப்பு என்று சொல்லும் விதியை வகுத்தவர் புள்ளியியலாளர் லெனர்ட் சாவேஜ். அவரிடமே கேட்டால் அவரும் மீறினார். அவரைத் திரும்பச் சோதிக்கத் தயக்கமாக இருக்கிறது என்று எல்ஸ்பெர்க் தன் கட்டுரையிலேயே எழுதிவைத்தார். எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது.

இதை முட்டாள்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குடத்தை நிரப்பியவன் யார், அவனுக்கு இதில் என்ன லாபம் என்று உள்ளுக்குள் ஒரு சந்தேகம் ஓடும். ஒரே குடத்தால் இரண்டு பக்கமும் ஏமாற்ற முடியாது என்பது அந்த நேரத்தில் தோன்றாது.

அப்புறம் 1995-ல் கிரெய்க் ஃபாக்ஸ், ஏமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு வேலை செய்தார்கள். எது எத்தனை என்று தெரிந்த தெளிவான பந்தயத்தை ஒரு குழுவுக்கும், அது தெரியாத மங்கலானதை வேறு குழுவுக்கும் தனித்தனியாகக் காட்டி, இதில் சேர எவ்வளவு கொடுப்பீர்கள் என்று கேட்டார்கள். இரண்டு குழுக்களும் ஏறக்குறைய ஒரே விலைதான் சொன்னார்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியபோதுதான் மங்கலானதன் விலை இறங்கியது.

அதனால் வங்கி டெபாசிட்டையும் மியூச்சுவல் ஃபண்டையும் ஒரே தாளில் எழுதி ஒப்பிடுகிறவர்கள், ஒரு தடவை ஃபண்டை மட்டும் தனியாக எடுத்துப் பாருங்கள். அப்போதும் வேண்டாம் என்று தோன்றினால் விட்டுவிடுங்கள், அது வேறு காரணம்.